கட்டைவிரல் இருக்கும் பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

இல்லை, பயந்துபோய்ச் சேரவில்லை. படிவத்தில் 'சேரும் காரணம்' என்ற இடத்தில் 'பாதுகாப்பு' என்று எழுதினேன், வேறெதுவும் தோன்றாததால். ஐம்பத்து நான்கு வயதில் தற்காப்புப் பயிற்சிக்கு வருகிறவளிடம் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. பாவம், என்னவோ நடந்திருக்கிறது என்று அவர்களே முடித்துக்கொள்கிறார்கள்.

நடந்தது உண்மைதான். எனக்கு இல்லை.

பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடம். நீல ரப்பர் விரிப்பு, பழைய ஷூ வாசனை. பன்னிரண்டு பேர். என்னைவிடப் பெரியவர் ஒருவர்தான்: தையல்கடை வைத்திருக்கும் அம்மா, அறுபத்தொன்று. சொல்லிக்கொடுக்கும் பெண்ணுக்கு முப்பதுகூட இருக்காது. எல்லோரும் 'மாஸ்டர்' என்கிறார்கள், தையல்கடை அம்மா உட்பட.

"காலை ஒட்டி வெச்சுக்கிட்டு நிக்காதீங்கம்மா. கல்யாண போட்டோவுக்கா நிக்கறீங்க?"

கால்களை அகற்றி வைத்தேன். இப்படி நிற்க இத்தனை வருடம் வெட்கப்பட்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்ன பொய்யை இங்கேயாவது எழுதிவைக்க வேண்டும். தெருவில் ஒருவன் என் பையைப் பிடித்து இழுத்தான் என்றேன். யாரும் இழுக்கவில்லை. இரண்டு நாளாகக் காலையில் பஸ் நிறுத்தம்வரை கூடவே வருகிறார். முழங்கால் வலியோடு.

மார்ச் 8, சனி

தொடை, தோள், பேரே தெரியாத இடங்கள், எல்லாம் வலி. நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் ஒரு தீர்மானம் தேவைப்படுகிறது.

மாஸ்டர் என் எதிரில் வந்து நின்று, முகத்துக்கு நேரே கையை வீசினாள். நான் அசையவில்லை.

"கண்ணுகூட சிமிட்டல. உங்க முகத்துல ஒண்ணுமே தெரியலையேம்மா. சீட்டாட்டத்துல உக்காத்தி வெச்சா கோடி சம்பாதிக்கலாம்."

சிரித்தார்கள். நானும். என் வேலை அது என்று விளக்கினேன். செவித்திறன் பரிசோதகர். சத்தம் புகாத அறைக்குள் நோயாளி, காதில் ஹெட்போன். இரட்டைக் கண்ணாடிக்கு வெளியே நான், கருவியோடு. நான் சத்தம் அனுப்புவேன். கேட்டால் அவர் கையைத் தூக்க வேண்டும். காது சரியாகக் கேட்காதவர்கள் கெட்டிக்காரர்கள். நம் முகத்தைப் பார்த்தே கையைத் தூக்கிவிடுவார்கள். அதனால் முகத்தில் குறிப்பு இருக்கக் கூடாது. உள்ளே இருப்பவர் நம்மைப் பார்த்தால் கருவியைப் பார்த்துக் குனிந்துகொள்ள வேண்டும். இருபத்தேழு வருடப் பழக்கம்.

"குனிஞ்சா எதிரிக்குத்தான் வசதி" என்றாள் மாஸ்டர். அவளுக்கு எதுவும் தெரியாது. 

மார்ச் 9, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி பதினொன்று, காலை பதினொன்றே கால். எங்கள் பிரிவில் ஒரு பயிற்சிப் பெண் இருந்தாள். இருபத்துமூன்று வயது. எதையும் ஓடி ஓடிச் செய்வாள், அதனால் எல்லோருக்கும் அவள் 'அவசரம்'. "அவசரத்தைக் கூப்பிடு", "அவசரம் சாப்பிடப் போயிருக்கு" - இப்படி. அவளும் சிரித்துக்கொள்வாள்.

அன்றைய நோயாளி எங்கள் மருத்துவமனைக்கு இரண்டு கருவிகள் வாங்கிக் கொடுத்த பெரிய மனிதர். காது மெஷினைக் கழற்றச் சொல்லியும் கழற்றாததால் அவருக்கு வலது காதில் ஹெட்போன் நழுவியது. சரிசெய்ய உள்ளே போனாள். அவர் உட்கார்ந்திருந்தார், இவள் நின்றபடி குனிந்தாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். உதவிக்குப் பிடிக்கிற பிடி இல்லை. தன் பக்கம் இழுத்தார், சிரித்துக்கொண்டே.

அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

நான் கருவியைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

நிமிர்ந்தபோது அவருடைய காது மெஷின் தரையில் கிடந்தது, உடைந்து. அவர் காதைப் பொத்திக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினார். அந்த அறையிலிருந்து ஒன்றும் வெளியே கேட்காது.

'பயிற்சி பெறுபவர் நோயாளியைக் காதில் அடித்தார்' என்று அறிக்கை எழுதப்பட்டது. அன்றே அவளை அனுப்பிவிட்டார்கள். 'அவர் என் கையைப் பிடித்து இழுத்தார்' என்று அவள் சொன்னது ஒரு வரியாக அதில் இருக்கிறது. அதற்குக் கீழே என் வரி: 'சம்பவ நேரத்தில் கருவியின் அளவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே நடந்ததைக் கவனிக்கவில்லை.'

இரண்டு வாக்கியம். முதலாவது பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் இருபத்தாறு நாள் ஓட்டியிருக்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

தையல்கடை அம்மாதான் எனக்கு ஜோடி. தடுப்புத் தலையணையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் ஒவ்வொரு அடிக்கும் "மன்னிச்சுக்கங்க" என்கிறேன்.

"அடிக்கறதும் அடிச்சுட்டு மன்னிப்பு வேற. எதாவது ஒண்ணு பண்ணு தாயி. நான் பஞ்சு மூட்டை மாதிரி இருக்கேன்தான், அதுக்காகத் தடவிக் குடுக்கணுமா?"

மார்ச் 15, சனி

மகள் போன் செய்தாள். அப்பா சொல்லியிருக்கிறார்.

"அம்மா, எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா? என் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எங்கம்மா கராத்தே கத்துக்கறாங்கன்னு."

"கராத்தே இல்லடி."

"ஏதோ ஒண்ணு. அந்தப் பையைப் புடிச்சவன் இனிமே வரட்டும்!"

 நான் எதற்காகப் போகிறேன்? சத்தியமாகத் தெரியவில்லை. அவசரம் பட்டதில் கொஞ்சமாவது என் உடம்பும் படட்டும் என்றா? வலித்தால் கழிந்துவிடும் என்றா? அப்படியானால் இது பயிற்சியே இல்லை. தண்டனையை நானே எழுதி, நானே குறைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

கடிதம் வந்திருக்கிறது. அவசரம் மேல்முறையீடு செய்திருக்கிறாள். ஏப்ரல் மூன்று விசாரணை. 'முன்பு அளித்த வாக்குமூலத்தில் உறுதியாக இருக்கிறீர்களா என்பதை நேரில் தெரிவிக்கவும்.'

அவளை வேறு எங்கும் எடுக்க மாட்டார்கள். 'நோயாளியை அடித்தவர்' என்று சான்றிதழோடு போகிற குறிப்பு. இதில் தோற்றால் நான்கு வருடப் படிப்பு அவ்வளவுதான்.

மேலாளர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். வழக்கமாக நிற்கவைத்தே பேசுகிறவர்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க மேடம். அதே ரெண்டு வரிதான், வாயால சொல்லிடுங்க."

"அவ சொன்னது..."

"அவர் பிடிச்சாரோ இல்லையோ, நமக்குத் தெரியாது. இவ அடிச்சா. மெஷின் உடைஞ்சிருக்கு. அது நெஜம்தானே?"

நிஜம்தான் என்றேன். வெளியே வந்து யோசித்தபோது புரிந்தது, நானும் இதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன். என்ன இருந்தாலும் அடித்திருக்கக் கூடாது. வெளியே ஓடிவந்திருக்கலாம். என்னிடம் வந்திருந்தால் நானே பேசியிருப்பேன்.

பேசியிருப்பேனா?

மார்ச் 22, சனி

 

இன்று மணிக்கட்டு விடுவிப்பு. மாஸ்டர் என் கையைப் பிடித்துக் காட்டினாள். "நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் ஒரு பக்கம். நாலு பேரோட சண்டை போடாதீங்க, ஜெயிக்க மாட்டீங்க. கட்டைவிரல் தனி ஆள். அது இருக்கற பக்கமா கையைத் திருப்பி, உங்க தோளுக்கு இழுங்க. வந்துடும்."

வந்தது. இரும்புபோல இருந்த பிடி, கதவு திறந்தமாதிரி விட்டது. இவ்வளவுதானா என்று சிரிப்பே வந்துவிட்டது.

பிறகு வேறு நிலை. பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவன், நிற்கிற பெண்ணின் கையைப் பிடித்தால்? தையல்கடை அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். நான் குனிந்து நின்றேன். மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார், முழு பலத்தோடு, அவர் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை. நான் கையைத் திருப்பி மேலே இழுத்தேன்.

அவருடைய மூக்குக் கண்ணாடி பறந்துபோய்ச் சுவரோரம் விழுந்தது. என் புறங்கை அவர் காதை உரசிக்கொண்டு போயிருந்தது. காது சிவந்துவிட்டது.

"அய்யோ, மன்னிச்சுக்கங்க, நான் அடிக்கல..."

"அடிச்சேன்னு யார் சொன்னா? கண்ணாடி கெடக்கட்டும், காது இருக்கான்னு பாரு."

மாஸ்டர் அலட்டிக்கொள்ளவில்லை. "உக்காந்திருக்கறவங்க தலை அங்கதான் இருக்கும். கை மேல வர்ற வழியில காது. இழுத்துப் பிடிச்சா பட்டுத்தான் தீரும். இது அடி இல்ல, கை வெளிய வர்ற வழி."

"கத்துக்காதவங்க இழுத்தா?"

"கத்துக்காட்டியும் ஒடம்பு அப்படித்தான்மா இழுக்கும். நாங்க என்ன புதுசாவா கண்டுபிடிச்சோம்?"

இன்னொரு முறை செய்யலாமா என்று கேட்டேன். கண்ணாடியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அவர் மறுபடியும் பிடித்தார். மறுபடியும் காது. மூன்றாவது முறை மெதுவாக, என் கையையே பார்த்துக்கொண்டு. உட்கார்ந்த உயரம், குனிந்த உயரம். காதைத் தொடாமல் வெளியே வர வழியே இல்லை.

அவசரம் அடிக்கவில்லை. அந்தக் கை வெளியே வந்துகொண்டிருந்தது. அந்தப் பெரிய மனிதர் அவ்வளவு பலமாகப் பிடித்திருந்ததால்தான் மெஷின் அவ்வளவு வேகமாக விழுந்தது. உடைந்த மெஷின் அவளுக்கு எதிரான சாட்சி அல்ல. அவளுக்காக இருந்த ஒரே சாட்சி அதுதான். நான் இல்லாத இடத்தில்.

வகுப்பு முடிவதற்குள் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழவில்லை. அழுகை வந்திருந்தால் அதையும் சந்தேகப்பட்டிருப்பேன்.

மார்ச் 23, ஞாயிறு

"என் கையைப் பிடிங்க" என்றேன் வீட்டுக்காரரிடம். பேப்பரை மடித்துவிட்டுப் பிடித்தார். "இந்த வயசுல என்ன திடீர்னு?"

அப்போதே சொன்னேன். முழுவதும். பை, தெரு, எதுவும் நடக்கவில்லை என்பதிலிருந்து. சொல்லிமுடிக்கும்வரை பிடித்த கையை விடவே இல்லை. பிறகு விட்டார்.

"ரெண்டு நாள் பஸ் ஸ்டாப்புக்கு வந்தேனே."

"ஆமா."

"முட்டி வலியோட."

"ஆமாங்க."

ஜன்னல் பக்கம் போய் நின்றார். "ஓய்வூதியத்துக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு. பொய் வாக்குமூலம்னு உன்னைத்தான் முதல்ல பிடிப்பாங்க. சொல்லாம இருந்தா உன்னை யாரும் கேக்கப் போறதில்ல." கொஞ்சம் கழித்து, "சொல்லாதேன்னு சொல்லல. யோசிச்சுச் சொல்லுன்னு சொல்றேன்."

இருவருமே அப்படிப்பட்டவர்கள்தான். யோசித்து யோசித்தே பிழைத்துவிட்டோம்.

மார்ச் 27, வியாழன்

அவசரத்துக்குப் போன் செய்தேன். எடுத்தாள். "சொல்லுங்க மேடம்" என்றாள். நான் சொல்லவில்லை. மூச்சு மட்டும் கேட்டது, என்னுடையதா அவளுடையதா. "வெச்சுடறேன்" என்றாள், வைத்தாள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

வகுப்புக்குப் போகவில்லை. விசாரணையில் சொல்லப்போவதை மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டிலும் என்னை நல்லவளாக்கும் வாக்கியம் ஒன்று எப்படியோ நுழைந்துவிடுகிறது. 'பழக்கத்தின் காரணமாக.' 'எதிர்பாராத சூழலில்.' கிழித்துப் போட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

நீளமான மேசை. விசாரணை அதிகாரி ஜலதோஷத்தோடு இருந்தார், ஐம்பது வயதுப் பெண்மணி, கைக்குட்டையும் பேனாவுமாக. ஒரு பக்கம் மேலாளர். எதிர்ப்பக்கம் அவசரம், அவளுக்குப் பக்கத்தில் அவளுடைய அப்பா. சலவைசெய்த சட்டையில் ஒரு பித்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

பெரிய மனிதர் அவள் கையைப் பிடித்து இழுத்ததைப் பார்த்தேன் என்றேன். மேலாளர் இருமினார். அவள் நின்ற நிலை, அவர் உட்கார்ந்த நிலை, கை போன வழி - எழுந்து நின்று செய்துகாட்டினேன். ஒரு காலி நாற்காலியைப் பெரிய மனிதராக வைத்துக்கொண்டு. பிடித்த கையை விடுவிக்கும்போது காதில் பட்டுத்தான் தீரும் என்றேன். இந்த வயதில் இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று அதிகாரி கேட்கவில்லை. எழுதிக்கொண்டார்.

பிறகு நிமிர்ந்து பார்த்தார். தயவான முகம்.

"அப்போ முதல்ல 'கவனிக்கல'ன்னு எழுதிக் குடுத்தது? உங்க வேலையில நோயாளியைப் பாக்காம குனிஞ்சுக்கற பழக்கம் உண்டு, இல்லையா? கண்ணாடிக்கு உள்ள ஒரு நொடிதான் தெரிஞ்சிருக்கும். அப்புறம் யோசிக்கும்போதுதான் புரிஞ்சிருக்கும். அப்படித்தானே?"

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார் அவர். நான் அதன் வழியாக நடந்தால் போதும். வேலை தங்கும், பெண்ணும் தப்பிப்பாள். யாருக்கும் நஷ்டம் இல்லை. 'ஆமாம்' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்லைங்க. பழக்கத்தால இல்லை. அவ என்னைப் பாத்தா. என்ன நடக்குதுன்னு எனக்குப் புரிஞ்சுது. புரிஞ்ச அப்புறம்தான் குனிஞ்சேன்."

"ஏன்?"

"அவர் யாருன்னு எனக்குத் தெரியும். அதான்."

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு அதையும் எழுதினார்.

வெளியே தாழ்வாரத்தில் அவள் அப்பா என்னைப் பார்த்துக் கும்பிடப்போனார். அவசரம் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "வேணாம்ப்பா" என்றாள்.  அவசரப்படாமல், ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்கள்.

ஏப்ரல் 16, புதன்

அவள்மீது இருந்த குறிப்பு நீக்கப்பட்டது. திரும்ப வரச் சொன்னார்கள், வரவில்லை. வேறு மருத்துவமனையில் சேர்ந்துவிட்டாளாம், இது மேலாளர் யாரிடமோ சொன்னபோது காதில் விழுந்தது.

எனக்கு எச்சரிக்கை. ஒரு வருட ஊதிய உயர்வு நிறுத்தம். இனி பரிசோதனை அறையில் தனியாக இருக்கக் கூடாது. என் மேல் மேற்பார்வைக்கு ஒருவர். வீட்டில் அவர் "அவ்வளவுதானா?" என்றார். மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. ஞாயிறு சொல்ல வேண்டும்.

லேசாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. அவள் என்னைப் பார்த்த இரண்டு நொடி அங்கேயேதான் இருக்கிறது. அதை யாரும் நீக்கித் தர முடியாது, கேட்கவும் கூடாது.

எச்சரிக்கைக் கடிதத்தில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பிறகு பிரிவுக்குத் திரும்பி, பெஞ்சில் காத்திருந்த அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.