பின்னிருக்கை இல்லாத கார்

என் சட்டையில் கிளட்ச் எரிந்த வாசம். குளித்தாகிவிட்டது, சட்டை அழுக்குக் கூடையில் கிடக்கிறது, ஆனாலும் அறையை விட்டுப் போகவில்லை. அம்மா கதவருகே வந்து மூக்கைச் சுளித்தார்.

"என்னடி, எங்கயாச்சும் எரியுதா?"

"நான்தான்மா எரிச்சேன்."

அவருக்குப் புரியவில்லை. உனக்குப் புரிந்திருக்கும். உன் வேனிலிருந்து இதே வாசத்தோடு எத்தனை மாலைகள் வீட்டுக்கு இறங்கிப் போயிருக்கிறேன். அதுதான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாளைக் காலை எனக்கு மேடு. ஓட்டுநர் தேர்வுத் திடலின் அந்தச் சிமெண்டு ஏற்றம். பாதியில், மஞ்சள் கோட்டுக்குள் நிறுத்த வேண்டும். ஹேண்ட்பிரேக் போட வேண்டும். பிறகு ஒரு சாண்கூடப் பின்னால் உருளாமல் கிளம்ப வேண்டும். எட்டு வருடங்களுக்கு முன் அங்கே உருண்டவள் நான். அன்றோடு கியர்க் காரை விட்டுவிட்டு, கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார் மட்டும் ஓட்டும் ‘ஆட்டோ’ லைசென்சை எடுத்துக்கொண்டு போனவள்.

திரும்பிப் போவதற்குக் காரணம் உனக்குத் தெரிந்ததுதான். அந்தக் கார் வந்துவிட்டது.

*

உன் அப்பாவின் பள்ளி வேன். பக்கவாட்டில் மஞ்சள் பட்டை. உன்னை விட மூத்தது. காலையில் எஸ்டேட்டுப் பிள்ளைகளை ஜாசின் ஊர்ப் பள்ளியில் கொண்டுபோய் விடும், மதியம் திரும்பக் கொண்டுவரும். மீதி நேரமெல்லாம் அது நம்முடையது.

மழை விட்ட மாலைகளில் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் செம்மண் பாதைக்கு ஓட்டி வருவாய். இருக்கைகள் காலி. ஏதோ ஒரு பிள்ளை மறந்துவிட்டுப் போன தண்ணீர்ப் புட்டி தரையில் கிடக்கும். உரக்கிடங்கு வளைவில் நீ ஆக்சிலரேட்டரை ஒரு மிதி கூட்டி மிதிப்பாய். வேனின் வால் நழுவும். புட்டி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு உருளும். நீ ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி, அவசரமே இல்லாமல் வேனை நேராக்குவாய். புட்டி திரும்ப உருண்டு வரும்.

"பாத்தியா? முன்சக்கரத்துக்கு ஒரு வேல போதும்டி, திருப்புறது. தள்ளுறத பின்னாடி இருக்கிறது பாத்துக்கும். எல்லா வேலையும் ஒருத்தன் தலையில கட்டுனா அவன் எதத்தான் ஒழுங்கா செய்வான்?"

"இது ஸ்கூல் வேன்லா."

"அதனால என்ன? ரோட்டுல போற பாதி பெரிய காடிங்கள விட இது ஒசத்தி. இதுக்குத்தான் தெரியல."

உனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. இதே பின்சக்கரத் தள்ளல், சின்ன உடம்பில். எடை குறைவாக. தரையோடு உட்கார்ந்த மாதிரி. கியர்க்கம்பு கைக்கு எட்டும் தூரத்தில். முக்கியமாக, நம்மைப் போன்றவர்கள் சம்பளத்தில் வாங்கக்கூடியதாக. அப்படி ஒன்றை யாரும் செய்யவில்லை என்பது உன் நிரந்தரக் கோபம். "பணக்காரனுக்கு மட்டும்தான் முதுகுல தள்ளுற காடியா?" என்பாய். யாரோ உன்னிடம் வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றியது போல.

ஓர் ஆயுத பூசை. கோயில் வாசலில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. வேனின் முறை வந்தபோது ஐயரிடம் இரண்டே எலுமிச்சம்பழம் மிச்சம். முன்சக்கரங்களின் கீழே வைத்தார். நீ இறங்கினாய். இரண்டையும் எடுத்துப் போய்ப் பின்சக்கரங்களின் கீழே வைத்தாய்.

"என்னம்மா பண்ற?"

"சாமி, இதுக்கு பலமெல்லாம் பின்னாடிதான்."

"சாமிக்கு முன்னாடி என்ன, பின்னாடி என்ன?"

"சாமிக்கு இல்ல சாமி. வேனுக்கு இருக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உன் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். நீ சிரிக்கவில்லை.

*

மேடு ஏறவும் உன் வேனில்தான் பழகினேன். உரக்கிடங்குக்குப் போகும் ஏற்றத்தில் நிறுத்துவாய். நான் ஓட்டும் இருக்கையில். நீ பக்கத்தில், காலை மடக்கிக்கொண்டு, கச்சான் கடலை கொறித்துக்கொண்டு.

"கிளட்ச மெதுவா விடு. இன்னும். பின்னாடி யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கும். அப்ப ஹேண்ட்பிரேக்க விடு."

அப்படியே இருந்தது. வேனின் பின்புறம் மெல்ல அமுங்கும். யாரோ கதவைத் திறக்காமல் ஏறி உட்கார்ந்துவிட்டது போல. நான் விடுவேன். வேன் ஏறும். ஒரு முறைகூடத் தவறவில்லை.

தேர்வு நாளில் பயிற்சிப் பள்ளியின் சின்னக் காரில் மேட்டின் பாதியில் நின்றேன். கிளட்சை மெதுவாக விட்டேன். பின்னால் யாராவது உட்காருவார்கள் என்று காத்திருந்தேன். இயந்திரம் கத்தியது. எரிந்த வாசம் வந்தது. யாரும் உட்காரவில்லை. கிளட்சைத் திரும்ப மிதித்து, ஹேண்ட்பிரேக்கையும் விட்டுவிட்டேன். கார் பின்னால் உருண்டு மஞ்சள் கோட்டைத் தாண்டியது. அதிகாரி தாளில் ஒரு கோடு கிழித்தார்.

வெளியே வேனில் சாய்ந்துகொண்டு நீ காத்திருந்தாய். நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்த உன் முகம் மாறியது.

"ஐயோ. அது முன்சக்கரம் இழுக்கிற காடிடி. மூக்குதான் தூக்கும். பின்னாடி யாரும் வந்து உக்கார மாட்டாங்க."

"இத இப்ப சொல்றியே."

"எனக்குத் தோணவே இல்லையே. பொறந்ததுலேர்ந்து இந்த வேன்தான எனக்கு."

இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். பிறகு நீ நிறுத்திவிட்டாய். நான் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்தேன், நீ நிறுத்தியதைக் கவனிக்காதவள் போல.

அடுத்த மாதம் ஆட்டோ லைசென்ஸ் எடுத்தேன். பிறகு பல்கலைக்கழகம். பிறகு மலாக்காவில் அலுவலகம். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் நீ கேட்டாய்: "எப்ப திரும்பி மேட்டுக்குப் போற?" ஒவ்வொரு முறையும் நான் அதையே சொன்னேன்: "மலாக்கா ஜாமுல யாருடி கிளட்ச் மிதிப்பா?" அது பொய். இன்னொரு முறை எல்லோர் முன்னாலும் உருள எனக்குப் பயம். வேறொன்றுமில்லை.

*

கார் வரப்போகிறது என்ற செய்தியை எனக்கு அனுப்பியதும் நீதான். படம் ஒன்று. கூடவே உன் குரல், மூச்சு வாங்க.

"ஏய், வருதுடி. சின்னது. ரெண்டே சீட்டு. பின்சக்கரம். கியர் மட்டும்தான், ஆட்டோ கிடையாது. வெலைய பாரு, நம்ம தொடுற வெல. எந்தக் கலரும் ஓகே, மஞ்சள் மட்டும் வேணாம். நாள் பூரா மஞ்சள்லயே கெடக்கேன்."

நான் எழுதினேன்: நான்தான் ஆட்டோ ஆச்சே. நீ ஓட்டு, நான் பக்கத்தில் உட்கார்கிறேன்.

நீ எழுதினாய்: எனக்கு பாசெஞ்சர் வேணாம். மாத்தி மாத்தி ஓட்ட ஆள் வேணும். மேட்ட ஏறிட்டு வா.

நான் ஒரு சிரிப்பு முகம் அனுப்பினேன்.

அதன் பிறகு பதினோரு நாள்தான் உனக்கு. முதல் ஆறு நாள் நன்றாகத்தான் இருந்தாய். மீதி ஐந்து நாள் டெங்கி.

உன் அப்பா வேனை விற்றுவிட்டார். சுங்கை ரம்பாய்ப் பக்கம் யாரோ ஓட்டுகிறார்களாம். சிரிப்பு முகம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. அதற்கு மேல் ஏறிப் போய்த்தான் உன் குரலைக் கேட்க வேண்டும்.

*

மலாக்கா ஷோரூமில் மூன்று கார்கள் நின்றன. சிவப்பு, வெள்ளை, மஞ்சள். உனக்காக எல்லாவற்றையும் பார்த்தேன். கதவு இலேசாக இருக்கிறது. இருக்கை துணிதான். பெரிய திரை இல்லை, மூன்று வட்ட மானிகள் மட்டும். ஹேண்ட்பிரேக் பொத்தான் அல்ல, கையால் இழுக்கும் உண்மையான கம்பு. கியர்க்கம்பு கட்டைவிரல் நீளம்தான் நகர்கிறது. ஒவ்வொரு பல்லும் விழும்போது உள்ளங்கையில் தெரிகிறது.

தரையில் முழங்காலிட்டு அடியில் குனிந்து பார்த்தேன். பின்சக்கரங்களுக்கு நடுவே, அவற்றைச் சுழற்றும் இரும்புக் குடுக்கை. உன் வேனில் இருந்ததை விடச் சின்னது. சுத்தமானது.

விற்பனையாளர் ஓடி வந்தார். நம் வயதுதான் இருக்கும்.

"மிஸ், எதாச்சும் விழுந்துருச்சா?"

"இல்ல. பாக்குறேன்."

"ஹஸ்பண்டுக்கா மிஸ்?"

"எனக்கு."

"இது மேனுவல் மட்டும்தான் வரும். உங்க லைசென்ஸ்..."

"ஆட்டோ. மாத்திட்டு வரேன்."

அவர் தலையைச் சொறிந்தார். இப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்ததில்லை போலிருக்கிறது. மஞ்சள் என்றால் உடனே கிடைக்கும், மற்ற நிறத்துக்கு மூன்று மாதம் ஆகும் என்றார். காத்திருக்கிறேன் என்றேன். வெள்ளைக்கு என் பெயரைப் பதிந்தேன்.

வீட்டில் அம்மா கேட்டார். "ரெண்டு சீட்டுதானா? அப்ப தம்பி எங்க உக்காருவான்?"

"அவன் வீட்ல உக்காருவான்."

"அரிசி மூட்டை?"

"உங்க மடியில."

அம்மா சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினார். மறுநாள் காலை, தேநீரைக் கொடுத்துவிட்டு, "மேட்டுல இந்தத் தடவயாவது உருளாம இரு" என்றார்.

பயிற்சிப் பள்ளியில் என்னோடு நிற்பவர்கள் பதினேழு வயதுப் பிள்ளைகள். என்னை 'அக்கா' என்கிறார்கள். ஒருத்தி 'ஆண்டி' என்றாள். ஓட்டப் பழக்கும் அங்கிள் என் பழைய லைசென்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கியர்லேர்ந்து ஆட்டோவுக்கு ஓடுற ஆள பாத்துருக்கேன். இப்படி ரிவர்ஸ்ல வர்ற ஆள இப்பத்தான்மா பாக்குறேன்."

மூன்று வாரம். சனியும் ஞாயிறும். இன்று மட்டும் நாற்பது தடவை அந்த மேட்டில் நின்று கிளம்பினேன். என் உடம்பு இன்னும் பின்னால் பாரம் விழக் காத்திருக்கிறது. அதை மறக்க வைப்பதுதான் வேலை. எவ்வளவு கிளட்ச் எரிந்தாலும் சரி.

*

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன்.

போனேன். ஆறாவது ஆள். வெயில் ஏறியிருந்தது. மஞ்சள் கோட்டுக்குள் நிறுத்தினேன். ஹேண்ட்பிரேக்.

கிளட்சை விட்டேன். இயந்திரத்தின் குரல் இறங்கியது. காரின் மூக்கு ஒரு விரற்கடை தூக்கியது. பின்னால் யாரும் உட்காரவில்லை. இந்த முறை நான் காத்திருக்கவில்லை.

மேட்டின் உச்சியில் அதிகாரி சன்னலில் குனிந்தார். "லூலுஸ்" என்றார். தேறிவிட்டேன். அந்த ஒரு சொல்லுக்கு எட்டு வருடம். அவர் ஏற்கெனவே அடுத்த காரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

என்னை 'ஆண்டி' என்று கூப்பிட்ட பெண் என் கையைக் குலுக்கினாள். அவள் உருண்டுவிட்டாள். திரும்பி வா என்று அவளிடம் சொன்னேன். உன் குரலில் வந்தது.

*

என் கார் கைக்கு வந்த அன்று மலாக்காவிலிருந்து நானே ஓட்டி வந்தேன். ஜாசின் கோயிலுக்கு நேராக. அம்மா பக்கத்து இருக்கையில்.

"இது காடியா பாயா? தரையில உக்காந்து போற மாதிரி இருக்கு."

ஆனால் வளைவுகளில் அவர் சிரித்ததைப் பார்த்தேன். கடையில் நான் இரண்டு எலுமிச்சம்பழம் மட்டும் வாங்கியபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"நாலு டயருக்கு ரெண்டா?"

"போதும்மா."

கோயில் வாசல் சாலையிலிருந்து சற்று ஏற்றம். அங்கே நிறுத்தச் சொன்னார் ஐயர். அதே ஐயர்தான். தட்டில் இரண்டு பழங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தானாகவே பின்பக்கம் நடந்து போய், குனிந்து, ஒவ்வொன்றாக வைத்தார்.

"சரியா இருக்காம்மா?"

"சரியா இருக்கு சாமி."

அம்மா இறங்கி ஓரமாக நின்றுகொண்டார். நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். முதல் கியர். கிளட்சை மெதுவாக விட்டேன். இன்னும்.

பின்புறம் அமுங்கியது.

எட்டு வருடமாக வராத பாரம். அதே இடத்தில், அதே மெதுவில். திரும்பிப் பார்த்தேன். என் இருக்கைக்குப் பின்னால் ஒரு கண்ணாடி. அதற்குப் பின்னால் ஐயர், கையில் கற்பூரத் தட்டோடு. இந்தக் காரில் பின்னிருக்கை கிடையாது.

"போலாம்மா" என்றார்.

ஹேண்ட்பிரேக்கை விட்டேன்.