சப் மீனும் லெனார்டின் காதும்

அக்டோபர் 9, ஞாயிறு

இன்றும் வெறுங்கை. ஓடையில் குறையே இல்லை. தண்ணீர் தெளிந்து மெல்லத்தான் போய்க்கொண்டிருந்தது. வில்லோ மரத்தடியில் சப் மீன்கள் வரிசையாக நின்றதை என் கண்ணாலேயே பார்த்தேன். முழங்காலில் தவழ்ந்து போய், தூண்டில் முள்ளில் ரொட்டித் துண்டைக் கோத்து மிதக்க விட்டேன். பெரியது மேலே வந்து வாயைத் திறந்தது. அந்த வெள்ளைத் தொண்டைகூடத் தெரிந்தது. அப்போது பின்னாலிருந்து என் கணவர் லெனார்ட்:

“ஹெட்டி, சாண்ட்விச் எந்தப் பையில இருக்கு?”

அவ்வளவுதான். புல்லில் காலடி அதிர்ந்தாலே ஓடி ஒளிகிற மீன். எதிர்க்கரை மாடுகள்கூடத் தலை நிமிர்ந்து பார்த்தன.

மர அறுவை ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள்முதல் இப்படித்தான். துணைக்கு வருகிறாராம். துணை வேண்டுமென்று யார் கேட்டது?

அக்டோபர் 16, ஞாயிறு

மழை. ஓடைக்குப் போகவில்லை. தொலைக்காட்சிச் சத்தம் தாங்காமல் தோட்டக் கொட்டகையில் உட்கார்ந்து பாலாடைக்கட்டியையும் ரொட்டியையும் பிசைந்து இரை உருட்டினேன்.

அக்டோபர் 18, செவ்வாய்

மகள் ரோசலின் தொலைபேசியில் மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடி விற்கும் இடத்திலேயே காதையும் சோதிக்கிறார்கள், ஒருமுறை போய் வந்தால் என்ன என்று. லெனார்ட் சொன்ன பதில்: “என் காது நல்லாத்தான் இருக்கு. உங்க அம்மாதான் வரவர முணுமுணுக்கிறா.”

முணுமுணுக்கிறேனாம்! அதற்குப் பிறகுதான், டீ ஆறுது என்று சொன்னேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஆறு ஆகலையே, இன்னும் நாலரைதான் என்கிறார். இந்த மனிதரை என்ன செய்ய?

அக்டோபர் 23, ஞாயிறு

ஒரு ஏற்பாடு செய்தேன். ஓடை வளைகிற இடத்துக்கு அப்பால், கீழ்ப்பக்கமாக, மடக்கு நாற்காலி, பிளாஸ்க், செய்தித்தாள் எல்லாம் கொடுத்து அவரை உட்கார வைத்தேன். முகம் கொஞ்சம் வாடியது. நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஒரு சப் கிடைத்தது. பித்தளை நிறச் செதில்கள், தடித்த உதடு. முள்ளைக் கழற்றி மீனைத் தண்ணீரிலேயே விட்டேன். அப்பாடா.

நவம்பர் 6, ஞாயிறு

போர்வைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் வரும்.

மழைக்குப் பிறகு தண்ணீர் கலங்கி ஏறியிருந்தது. அவர் வளைவுக்கு அப்பால். எனக்குப் பெரியதொன்று மாட்டியது, இந்த ஓடையில் இதுவரை நான் பார்க்காத அளவு. கைவலையை நீட்டிக் குனிந்தேன். காலடியில் கரை அப்படியே சரிந்தது. மார்பளவுத் தண்ணீர். வில்லோ வேருக்குள் ஒரு காலணி சிக்கிக்கொண்டது. என்ன குளிர்! மூச்சே வரவில்லை. தூண்டில் போயிற்று, மீனும் போயிற்று. லென், லென் என்று கத்தினேன். வளைவுக்கு அப்பால் அவர் மாடுகளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு நன்றாகக் கேட்டது. என் குரல்தான் அவருக்குக் கேட்கவில்லை. தொண்டை கிழியும் வரை கத்தினேன். பிறகு வேரை மட்டும் பிடித்துக்கொண்டேன். விரல்கள் மரத்துப்போயின. இங்கேதானா, இவ்வளவு பக்கத்தில் இவரை வைத்துக்கொண்டா?

என் தொப்பிதான் காப்பாற்றியது. அது மிதந்து அவர் முன்னால் போயிருக்கிறது. குச்சியால் அதை வாரி எடுத்து, என்னைக் கேலி செய்யலாம் என்று சிரித்துக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் இறங்கிவிட்டார். கையை விட்டு என் காலை விடுவித்து, இழுத்துக் கரையில் போட்டார்.

“ஏன் கூப்பிடலை, ஹெட்டி?”

“கூப்பிட்டேன், லென். கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தேன்.”

அந்த முகத்தை எப்படி எழுத? வீடு வரும்வரை அவர் வண்டி ஓட்டும்போது ஒரு கை என் ஈரச் சட்டையைப் பிடித்தபடியே இருந்தது.

நவம்பர் 8, செவ்வாய்

எனக்குக் குரல் போய்விட்டது. லெனார்டே ரோசலினைக் கூப்பிட்டு, அந்தக் கண்ணாடிக் கடையில் காது சோதிக்க நேரம் கேட்கச் சொன்னார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் முடியாது.

நவம்பர் 24, வியாழன்

இரண்டு காதிலும் கருவி வந்துவிட்டது. செய்தித்தாளைப் புரட்டினால் இரைச்சலாம். நான் பிஸ்கட் கடிப்பது காதுக்குள் கல் உடைப்பதுபோல் இருக்கிறதாம். குளிர்சாதனப் பெட்டியின் உறுமலோடு சண்டை. காலையிலிருந்து ஒரே புகார். நான் தூண்டிலோடு ஓடைக்குள்ளேயே இருந்திருக்கலாம்.

டிசம்பர் 4, ஞாயிறு

புல்லெல்லாம் உறைபனி. புதுத் தூண்டில். நாற்காலியை வளைவுக்கு அப்பால் கொண்டுபோகத்தான் எடுத்தார். நானே வாங்கி என் பக்கத்தில் போட்டேன்.

வெகுநேரம் தலையைச் சாய்த்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல, மிக மெல்ல, “இந்த ஓடை எப்பவுமே இப்படிப் பேசிட்டேதான் இருக்குமா?” என்றார்.

ஆமாம் என்றேன். அதற்குமேல் அவர் வாயே திறக்கவில்லை.

நான்தான் ஆரம்பித்தேன். ரோசலின் வேலையை விடப்போகிறாள் என்பது, என் முழங்கால் வலி, இத்தனை வருஷம் இரண்டாவது தடவை சொல்லச் சலித்துச் சொல்லாமலே விட்ட கதைகள். ஒன்றையும் நான் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருட்டும்வரை பேசினேன்.

ஒரு மீனும் பக்கத்தில் வரவில்லை.