சைக்கிள் இல்லாத செவ்வாய்

ஜூலை 9, திங்கள்
வெயில். ஒரு பொட்டு மழை இல்லை. கத்தரிக்கோல், தொப்புள்கொடி கட்டும் நூல் எல்லாம் வேகவைத்து எடுத்தாயிற்று. டெட்டால் தீர்ந்துபோச்சு, ஆபீசுக்கு எழுத வேண்டும்.
என் வீட்டுக்காரர் விடிந்துதான் வந்தார். கண் சிவப்பு. ராத்திரி மில்லில் பெல்ட் மாற்றினார்களாம். மில் சனிக்கிழமையிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய்.

ஜூலை 10, செவ்வாய்
உச்சி வேளையில் திருப்புலிவனத்திலிருந்து பொன்னன் ஓடி வந்தான். பெண்டாட்டி எல்லம்மாவுக்குக் காலையிலிருந்து வலி. தலைச்சன். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் சைக்கிள் இல்லை. தூரத்து ஊர் என்றால் அவர்தான் கேரியரில் உட்காரவைத்துக் கொண்டுபோவார்.
பின்கட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.
“சைக்கிள் எங்க?”
மறுபடி கேட்டேன்.
“கோவிந்தன்கிட்ட கீது.”
கோவிந்தன் சோடாக் கடைக்காரன். கடைக்குப் பின்னால் சீட்டாடும் பாய். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.
நடந்தேன். பொன்னன் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடி ஓடி நின்றான். பஸ்ஸும் இல்லை, வண்டியும் இல்லை.
போய்ச் சேரும்போது பிள்ளை பிறந்திருந்தது. கால் முதலில் வந்திருக்கிறது. ஆண். மூச்சு இல்லை. ஊதினேன், தேய்த்தேன், தலைகீழாகப் பிடித்தேன். ஒன்றும் இல்லை. எல்லம்மாவைக் காப்பாற்றியாயிற்று.
மாமியார் சொன்னாள்: “கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா, நர்சம்மா...” வெயிலில் நடந்து வந்தேன் என்று மோர் கொடுத்தாள். குடித்தேன்.
முன்னாடி போயிருந்தால் பிழைத்திருக்குமா? சொல்ல முடியாது.

ஜூலை 12, வியாழன்
அவரோடு பேச்சு இல்லை. அவரே சோறு வடிக்கிறார். குழைந்துபோகிறது.
இன்று சாயந்தரம் பிள்ளை செத்ததைச் சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.
“நான் இன்னா பண்ணட்டும், ரூத்து?”
“வேதத்து மேல கை வெச்சி சத்தியம் பண்ணாதீங்க. அது ஆயிப்போச்சு, எத்தினியோ வாட்டி.”
“உக்காந்தா எய்ந்துக்க முடியல. தோத்தா மட்டும் இல்ல. ஜெயிச்சாலும் எய்ந்துக்க முடியல” என்றார்.
கல்யாணம் ஆனதிலிருந்து அவர் சொன்ன முதல் உண்மை. ஆறுதலாக ஒரு வார்த்தை வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஜூலை 14, சனி
காஞ்சிபுரம், மாதக் கூட்டம். பஸ்ஸில் முழுக்க நின்றபடி. முடிந்ததும் லேடி டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். சொந்தக்காரர் ஒருத்தர் என்று சொன்னேன்.
“குடியா?”
“சீட்டு.”
மருந்து கிடையாது என்றார். ஆனால் அதுவும் ஒரு நோய் மாதிரிதானாம், திட்டினால் போகாதாம். கையில் காசு தங்கக்கூடாது. ஆடுகிற இடத்தில் தன்னைச் சேர்க்காதே என்று அவரே போய்ச் சொல்ல வேண்டும், வீட்டார் சொன்னால் பலிக்காது. ஆட்டத்துக்குப் போகிற வேளையில் தனியாக விடக்கூடாது.
கிளம்பும்போது, “நீ சரியா சாப்பிடறியாம்மா?” என்று கேட்டார். சொந்தக்காரர் யாரென்று புரிந்துவிட்டது. வழியெல்லாம் வெட்கம். என்ன தப்பு செய்தேன் என்று எனக்கு வெட்கம்?

ஜூலை 15, ஞாயிறு
டாக்டர் சொன்னதை நேற்றே அவரிடம் சொல்லிவிட்டேன். இன்று கோயிலில் ஆராதனை முடிந்ததும் அவரே, “வா, போலாம்” என்றார். நேரே சோடாக் கடை. கோவிந்தன் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தான்.
“கோவிந்தா, இனிமே நான் வந்தா எடம் குடுக்காத. நானே கெஞ்சினாலும் குடுக்காத.”
அவன் சிரித்தான். “இன்னா அருளு, பொஞ்சாதி சொல்லிக் குடுத்தாங்களா?”
நான் பேசக்கூடாது என்றுதான் போனேன். முடியவில்லை. “உன் பொஞ்சாதி பிரசவத்துக்கு நீ வந்து கூப்ட்டப்ப நான் சிரிக்கல, கோவிந்தா.”
பாட்டிலைக் கீழே வைத்தான். “சரி நர்சம்மா. இங்க சேக்க மாட்டேன். ஆனா ஊர்ல இன்னும் ரெண்டு எடம் கீது.”
சைக்கிளை மானாம்பதிக்காரன் ஒருத்தனுக்கு விற்றுவிட்டானாம்.
அந்த இரண்டு இடத்துக்கும் போய்ச் சொன்னார். ஒரு இடத்தில் விசில் அடித்தார்கள். அவர் இப்படித் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். பார்த்தேன். சந்தோஷம் ஒன்றும் இல்லை.

ஜூலை 18, புதன்
ஆடி பிறந்தும் காற்று இல்லை. மில் திறந்துவிட்டார்கள். கூலியை என் கையில் கொடுக்கச் சொல்லி முதலாளியிடம் அவரே கேட்டுக்கொண்டார். கிணற்றடியில் என் காதுபட ஒருத்தி: “புருசனக் கைக்கொயந்த மாதிரி ஆக்கிட்டா.”
சாயந்தரம் ஆனால் அவருக்குக் காய்ச்சல்காரன் மாதிரி ஒரு தவிப்பு. வேர்க்கடலை உடைக்கக் கொடுத்தேன்.
“என்னப் பாத்துக்கினே உக்காராத.”
“சரி.”
நான் எழுந்து போகவில்லை.
மன்னித்துவிட்டேனா? இல்லை. இதுவும் ஒரு டியூட்டி.

ஜூலை 21, சனி
எல்லம்மாவைப் பார்க்கப் போனேன். அவரும் கூடவே நடந்து வந்தார், நான் கூப்பிடவில்லை. எல்லம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை. பால் கட்டி வலி. மாரைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டேன்.
வெளியே வந்தால் அவர் பொன்னனிடமும் அவன் அம்மாவிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சீட்டு, சைக்கிள், நான் நடந்து வந்தது, எல்லாம். பொன்னன் எழுந்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டான்.
கிழவி மட்டும் அவரைப் பார்த்தபடி இருந்தாள். குரலை உயர்த்தவில்லை.
“இத்த ஏன்யா இங்க கொண்டாந்து எறக்கி வெக்கிற? எங்களுக்கு இருக்கறது போதும். நீயே தூக்கிக்கினு போ.”
தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. திரும்பினோம். எங்கள் ஊர் எல்லையில் சோடாக் கடைப் பக்கம் போகாமல் ஏரிக்கரை வழியாகத் திரும்பினார். அது சுற்று. எனக்குக் கால் வலி. அவர் பின்னாலேயே போனேன்.