பின்சுவரில் நீ இழுத்த கரிக்கோடுகள்

நேற்று என் தங்கை மகளோடு பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் ஒரு பழைய வீட்டைப் பார்க்கப் போனேன். அதை வாங்கி, இரண்டாகப் பிரித்து வாடகைக்கு விடப் போகிறாளாம். குடிவருகிறவர்களிடம் என்னென்ன எழுதி வாங்க வேண்டும், எதில் கறாராக இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். சமையலறைக் கதவைத் தள்ளியதும் ஊறிப்போன மண்சுவரின் வாசனை முகத்தில் அடித்தது. அதற்கு மேல் ஓர் அடி வைக்க முடியவில்லை. வாசலுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். தலைச்சுற்றல் என்று அவளிடம் சொன்னேன். உன்னிடம் அப்படிச் சொல்ல வேண்டியதில்லை.

நீ கொல்லங்கோட்டுக்கு வந்தது எழுபதுகளின் நடுவில், ஒரு தை மாதம். என் கணவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வரிசையாக நான்கு ஓட்டு வீடுகளை விட்டுப் போயிருந்தார். ஒவ்வொன்றிலும் முன்னால் ஓர் அறை, பின்னால் சமையலறை, மண்சுவர். அவற்றைத் தானே பார்த்துக்கொள்வதாக அவருடைய அண்ணன் சொன்னார். நான் விடவில்லை. ஒரு பெண்ணால் முடியாது என்று ஊரில் யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற ஒரே நினைப்போடு திரிந்த காலம் அது.

சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்தின் குளிர் உன் கணவரின் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இங்கே அரிசி மில்லில் ஒரு வேலைக்கு ஏற்பாடு செய்துகொண்டு, ஆறு வயது மகளோடு இறங்கி வந்திருந்தீர்கள். நான் வாசலில் நின்று சட்டதிட்டங்களை ஒப்பித்தேன். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. உரல் போட்டு இடிக்கக் கூடாது. விருந்தாளி இரண்டு நாளுக்கு மேல் தங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "சிரிக்கலாமாக்கா?" என்று கேட்டாய். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் போன பிறகு அன்றுதான் சிரித்தேன் என்று உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

வாடகைக்காரர்கள் யாரும் என் வீட்டுக்குள் வந்து உட்கார மாட்டார்கள். நீ உட்கார்ந்தாய். தோட்டத்திலிருந்து கொண்டுவந்த தேயிலைத்தூளில் கறுப்பாக டீ போட்டுத் தருவாய். மதியத்தில் இருவரும் மொச்சை உரித்துக்கொண்டே பேசுவோம். தோட்டத்து லயங்களைப் பற்றி அப்போதுதான் கேட்டேன். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். ஒரு மழைக்காலத்தில் பின்மேடு சரிந்து இரண்டு அறைகள் மண்ணுக்குள் போனதை, நேற்று நடந்ததுபோல் சொன்னாய்.

அந்த வருஷம் மாசியில்தான் வீடுகளுக்குப் பின்னால் ஒரு குளியலறை கட்டினேன். நான்கு குடும்பத்துக்கும் பொது. அந்தத் தெருவில் வேறு எந்த வாடகை வீட்டுக்கும் அது கிடையாது. எனக்கு அவ்வளவு பெருமை. அதைக் கட்டுவதற்காகச் சுவரோரம் ஓடிய மழைநீர் ஓடையை அடைத்துவிட்டேன். கூரைத் தண்ணீர் எங்கே போகும் என்று கொத்தனார் கேட்டார். மண் குடித்துக்கொள்ளும் என்றேன்.

சித்திரையில் கோடைமழை பெய்த மறுநாள் வந்தாய். "அக்கா, தண்ணிக்குப் போக வழியில்ல. பின்செவரு அடியிலேயே தேங்கி நிக்குது. ஒரு எட்டு வந்து பாருங்க" என்றாய். அன்றைக்கே கணவரின் அண்ணனிடம் கேட்டேன். அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "ஒரு ஊட்டுக்குச் செஞ்சீன்னா நாலு ஊட்டுக்காரனும் வந்து நிப்பான். வாயத் தொறந்தாச் செஞ்சு குடுக்கறவன்னு தெரிஞ்சா அப்பறம் உன்ற பேச்சு எடுபடாது" என்றார். உன்னிடம் மழைக்காலம் முடியட்டும் என்றேன்.

வைகாசியில் மறுபடி சொன்னாய். அதற்குப் பிறகு நீ தெருவில் வருவது தெரிந்தால் உள்ளே போய் அடுப்பை ஊதுகிறவள்போல் உட்கார்ந்துகொண்டேன். நீ வாசலில் சற்று நேரம் நின்று பார்ப்பாய். கூப்பிடாமலே திரும்பிப் போவாய். மொச்சை உரிப்பது நின்றது.

ஆனியில் மூன்றாம் முறை வந்தபோது என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். சமையலறைச் சுவரில் ஒரு விரிசல். அதன் நுனி எட்டிய இடத்தில் ஏழு நாளைக்கு ஒரு முறை அடுப்புக்கரியால் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தாய். ஒன்றன் மேல் ஒன்றாக எட்டுக் கோடுகள். "நான் சொன்னா நம்ப மாட்டீங்கன்னுதான் இத எழுதி வச்சேன்" என்றாய். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு உறைத்திருக்கும். கொத்தனாரைக் கூப்பிடுகிறேன் என்றேன். நீ நம்பினாய். நான் கூப்பிடவில்லை. மழை விடட்டும் என்று இருந்தேன்.

ஆடி மூன்றாம் வாரம், மதியம். நான்கு நாளாக மழை விடவே இல்லை. ஓடு சரியும் சத்தம் கேட்டுத்தான் ஓடிவந்தேன். பக்கத்து வீட்டு ஆட்கள் அதற்குள் கையால் மண்ணை வாரிக்கொண்டிருந்தார்கள். நானும் வாரினேன். உன்னை வெளியே எடுத்தபோது மூச்சு இருந்தது. பாலக்காட்டுக்குப் போகும் காரில் உன் தலை என் மடியில் இருந்தது. "பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்துட்டாளாக்கா?" என்று கேட்டாய். வந்துவிட்டாள் என்றேன். மணி மூன்றுகூட ஆகவில்லை. புதுநகரம் தாண்டும்போது உன் கை தளர்ந்தது.

மறுநாள் வில்லேஜ் ஆபீசரும் இரண்டு போலீஸ்காரர்களும் இடத்தைப் பார்த்து மகஸர் அறிக்கை எழுத வந்தார்கள். விழுந்தது போக மிச்சமாக நின்ற சுவரில் உன் கோடுகள் இருந்தன. இது என்ன என்று ஆபீசர் மலையாளத்தில் கேட்டார். உன் கணவர் எனக்கு இரண்டடி தள்ளி நின்றார். உன் மகள் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கணவரின் அண்ணன் என்னைப் பார்த்தார்.

"கொழந்தைங்க கிறுக்குனதுங்க" என்றேன்.

சுவர் இப்படி இருப்பதாக யாராவது உங்களிடம் முன்பே சொன்னார்களா என்று அடுத்துக் கேட்டார். இல்லீங்க என்றேன். உன் கணவரிடமும் கேட்டார்கள். அவர் மண்மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். மழையால் விழுந்தது என்று எழுதிக்கொண்டு போனார்கள். அன்று மாலையே மிச்சச் சுவரையும் இடித்துத் தள்ளச் சொன்னேன். காரியம் முடிந்ததும் உன் கணவர் மகளைக் கூட்டிக்கொண்டு, நெஞ்சுக்கு ஆகாத அதே மலைக்கு, தன் அக்காவிடம் திரும்பிப் போனார்.

அவர்கள் போன பிறகு நான் முதலில் இடித்தது குளியலறையை. பிறகு ஓடையைத் திறந்தேன். கருங்கல் அஸ்திவாரம் போட்டு நான்கு பின்சுவர்களையும் செங்கல்லில் எழுப்பினேன். சித்திரையில் இரண்டு ஆள் ஒரு நாள் மண்வெட்டி பிடித்திருந்தால் நீ இருந்திருப்பாய். வேலை முடிந்த அன்று கொத்தனார் அதைச் சொல்லாமல் சொன்னார்.

இரண்டு வருஷம் கழித்துச் சின்னக்கானலுக்குப் போனேன். பொள்ளாச்சி, உடுமலை, மூணாறு என்று பஸ் மாறி மாறி, போய்ச் சேரும்போது சாயங்காலம். லயத்தில் அவர் இருமிக்கொண்டே வெளியே வந்தார். உன் மகள் எனக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். நான் பொய் சொன்னதை, நீ மூன்று முறை சொன்னதை, கொத்தனாரைக் கூப்பிடாததை எல்லாம் அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்ட வேண்டும் என்றுகூட இருந்தது.

"தெரியும்க்கா. நானுந்தான அங்க நின்னேன்" என்றார்.

ஏன் ஆபீசரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீங்க எடத்தக் காலி பண்ணச் சொல்லியிருப்பீங்க. காரியம் முடியிற வரைக்கும் அந்த முன்னறதான இருந்துச்சு. புள்ளய எங்க படுக்க வைப்பேன்?"

அவர் அதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். உன்னை மூடிய மண்மேட்டுக்குப் பக்கத்தில் நின்றபோதும் என்னைப் பார்த்து அவர் பயந்திருக்கிறார். அது அன்றுவரை எனக்குத் தெரியாது. நான் இறங்கி வரும்போது உன் மகள் கதவோரம் நின்றாள். கூப்பிட்டேன். வரவில்லை. அதற்குப் பிறகு அந்த மலைக்கு நான் போகவில்லை. இரண்டு கடிதம் போட்டேன், பதில் வரவில்லை.

இப்போதும் நான்கு வீட்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள். பங்குனி பிறந்ததும் ஒவ்வொரு வீட்டுக்கும் போய், பின்பக்கத்திலிருந்து தொடங்கிச் சுவரைக் கையால் அழுத்திப் பார்க்கிறேன். தண்ணீர் போகும் வழியை நின்று பார்க்கிறேன். குடியிருப்பவர்களை நல்லபடியாகத்தான் வைத்திருக்கிறேன் என்று ஊரில் சொல்கிறார்கள்.

ஆனாலும் ஒன்று மாறவில்லை. ஏதாவது சொல்ல வருகிறவர்கள் வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள். ஊரைப் பற்றி, வெயிலைப் பற்றிப் பேசுகிறார்கள். "ஏனுங்க, ஒண்ணுமில்லீங்க" என்று தொடங்குகிறார்கள். அந்த ஒன்றுமில்லைக்குள் என்ன பயம் இருக்கிறதென்று எனக்கு இப்போது தெரியும். அதை அவர்கள் மனத்திலிருந்து எடுக்க எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. அவர்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பதில்லை. எழுந்து, என் வீட்டைப் பூட்டச் சாவியைக்கூட எடுக்காமல், அவர்கள் வீட்டைப் பார்க்க அவர்களுக்கு முன்னால் நடந்து போகிறேன்.