கந்தசஷ்டியில் பொரித்த மீன்

இன்று கடையில் ஒரு கம்பிவலை மூடியைக் கண்டேன். பொரிக்கும்போது எண்ணெய் தெறிக்காமல் தாச்சியின்மேல் வைப்பதற்காம். இதற்கும் தனியாக ஒரு சாமானா என்று நீர் சிரித்திருப்பீர். எங்களுக்கு மா அரிக்கிற அரிதட்டே போதுமாக இருந்தது.

கனடா வந்த புதிதில் ஸ்காபரோவில் சிநேகிதிகள் நாங்கள் இரண்டு பேரும் வாடகைக்கு இருந்த பேஸ்மென்ற், சொல்லப்போனால் நிலத்துக்குக் கீழே ஒரு எலிப்பொறி. உயரத்தில் ஒரேயொரு யன்னல், அதையும் பனி மூடிவிடும். அகதி வழக்கு முடியும்வரை எங்கும் அசைய முடியாது. என் கணவர் கனடாவுக்கு வரும் வழியில், சிங்கப்பூரில் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனிடம் மாட்டுப்பட்டு நின்றார். எனக்கு வயிற்றில் ஏழு மாதம். மேலே வீட்டுக்கார அன்ரி. "மீன் மணம் மேலை வந்தா வேறை இடம் பாக்கவேண்டியதுதான்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

அதனால் மீனை நீர் பொரிப்பதே களவுத் தொழில் மாதிரி இருக்கும். அறக்குளா மீன் துண்டுகளைப் பேப்பர் ரவலால் ஒற்றி ஒற்றி ஈரமெடுப்பீர். எண்ணெய், தாச்சியின் அடி நனையுமளவுக்குத்தான். அரிதட்டைக் கவிழ்த்து மூடினால் ஆவி போகும், எண்ணெய் தெறிக்காது. நான் அவசரப்பட்டால், "கிண்டாதையும். பொரிஞ்சா அதுவாவே விட்டு வரும்" என்பீர். பின்கதவைத் திறந்துவைத்துக் குளிரில் நடுங்கியபடி சாப்பிடுவோம்.

கந்தசஷ்டி ஆறு நாளும் அன்ரிக்கு விரதம். அந்த நாட்களில் மீன் என்ற பேச்சே எடுப்பதில்லை. நாலாம் நாள் எனக்கு ஆசை தாங்கவில்லை. நீர் வேலையால் வருவதற்குள் முடித்துவிடலாமென்று, ஐஸ் முழுதாகக் கரையாத துண்டை எண்ணெயில் போட்டேன். மணம் வெளியே போகாதிருக்கச் சட்டிமூடியால் இறுக்க மூடினேன். திறந்து பார்த்தபோது மூடியில் வேர்த்த தண்ணீர் எண்ணெயில் விழுந்து சுவரெல்லாம் தெறித்தது. புகை அலாரம் அலறத் தொடங்கியது. அப்போதுதான் நீர் சப்பாத்தோடு உள்ளே ஓடிவந்து என் கையிலிருந்த தட்டகப்பையைப் பறித்தீர். அன்ரி படியில் நின்றார்.

"ஆர் பொரிச்சது?"

"நான்தான் அன்ரி" என்றீர் நீர்.

நான் வாய் திறக்கவில்லை. பனிக்குள் வயிற்றோடு எங்கே போவேன் என்ற பயம். அன்ரி உம்மை வீட்டைவிட்டு எழுப்பினார். அதிலிருந்து மூன்றாம் நாள் நீர் பெட்டியோடு ஒஷாவாவுக்குப் போனீர். "முதல்லை பிள்ளை பிறக்கட்டும். பிறகு ஆறுதலாச் சொல்லுவம்" என்றீர். பிள்ளை பிறந்தது. என் கணவரும் வந்து சேர்ந்தார். ரூஜ் பக்கம் சொந்த வீடு வாங்கினோம். நாள் போகப்போகச் சொல்ல வெட்கமாகிவிட்டது, நீரும் ஒருநாள்கூடக் கேட்கவில்லை.

போன மாதம் உமது செத்தவீட்டுக்கு அன்ரியும் வந்திருந்தார். உமது முகத்தைப் பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தார்.

"நல்ல பிள்ளை. ஆனா அந்த விரத நாளிலை மீன் பொரிச்சவள் எண்டதுதான் இண்டைக்கும் மனசிலை கிடக்கு."

இப்போது என் வயிற்றில் பிள்ளை இல்லை. வீடும் என்னுடையது. அதிலிருந்து யாரும் என்னை எழுப்ப முடியாது. பத்தடி தள்ளி உம்மைக் கிடத்தியிருக்க, "ஓம் அன்ரி" என்று தலையாட்டினேன்.