சீஸ் பறந்துடும், பார்த்துக்கோ

குட்டி, முதல் பஸ்ஸை எடுக்க நேரமாயிடுச்சு, அதான் எழுதி வெச்சிட்டுப் போறேன். பர்கருக்குக் கொத்துக்கறியைத் தட்டி ஃப்ரிட்ஜில் வெச்சிருக்கேன். ஏர் ஃப்ரையர்ல பத்து நிமிஷம் விடு, பாதியில திருப்பிப் போடு. சீஸைக் கடைசி நிமிஷத்துல வெச்சு, பல்குத்தும் குச்சியால குத்திடு. இல்லேன்னா உள்ளே அடிக்கிற காத்துல பறந்துடும்.

உன்னைப் பெத்த அப்பாவைப் பார்க்கப் போகணும்னு நேத்து நீ கேட்டதுக்கு எரிஞ்சு விழுந்தேன். அதுலேர்ந்து எனக்கு இருப்புக் கொள்ளல. சனிக்கிழமை போயிட்டு வா. நானே கொண்டுபோய் விடறேன்.

படியிறங்கினவன் மறுபடி ஏறி வந்து எழுதறேன்: அது கோபமில்ல குட்டி, பயம். அங்கேயே தங்கிடுவியோன்னு.

இன்னொண்ணு. அவருக்கும் பர்கர்னா உயிராம், அம்மா சொன்னா. கறியைக் கொஞ்சம் கூடுதலாவே பிசைஞ்சிருக்கேன். ரெண்டை ஃப்ரீசர்ல போட்டு வை, சனிக்கிழமை கையோட கொண்டு போகலாம்.