ட்ரம்ஸ் இல்லாத கேசட்

மஸ்கட்
8.3.1992

கனகா,

நலம் விசாரிக்கும் வரியை இந்த முறை கடைசிக்குத் தள்ளிவிட்டேன். முதலில் கோபத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

கேசட் வந்தது. கேம்பில் என் அறையில் இருக்கிற இரண்டு மலையாளிகளையும் ஒரு திருநெல்வேலிக்காரரையும் உட்காரவைத்து, "இது எங்க பேண்டு, தாம்பரத்துப் பேண்டு" என்று பெருமையடித்துவிட்டுப் போட்டேன். பத்து நிமிடம் ஆனது. திருநெல்வேலிக்காரர் மெதுவாக எழுந்து வந்து, "தம்பி, பேட்டரி தீந்துட்டுன்னு நெனைக்கேன், மாத்திப் பாரும்" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே அப்படி நினைத்துவிட்டார்.

நமக்கு 'லெவல் கிராசிங்' என்று எதற்குப் பெயர் வைத்தோம்? வில்பிரட்டின் கிட்டார் மேகம் மாதிரி பரவும். நீ ஆர்கனில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பாய். அதற்கு அடியில் ரயில் மாதிரி என் ட்ரம்ஸ் ஓடும். "முந்தாதடா, முந்தாதடா" என்று வில்பிரட் கத்துவான். நான் இன்னும் வேகமாக அடிப்பேன். முதல் கேசட்டை வாங்கியவர்கள் அந்த ரயிலுக்காகத்தான் வாங்கினார்கள். இந்தப் 'பிற்பகல்' கேசட்டில் மேகம் மட்டும் இருக்கிறது. ரயில் எங்கே?

எனக்குப் பதிலாக வேறு ஒருவனைப் போட்டிருந்தால்கூடக் கோபப்பட்டுவிட்டுப் புரிந்துகொண்டிருப்பேன். என் இடத்தையே மூடிவிட்டீர்கள். அதோடு அட்டையில் 'ட்ரம்ஸ்: ஜெயவேலு' என்று அச்சடித்திருக்கிறீர்களே, அது யாருடைய நகைச்சுவை?

அம்மா போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரே ராத்திரியில், தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று நீ போனில் சொன்னாய். பாஸ்போர்ட்டைக் கம்பெனி வைத்துக்கொண்டு தரவில்லை. கொள்ளி வைக்கக்கூட நான் வரவில்லை, சம்பந்தம் மாமா வைத்தார். அவள் இருந்தபோதே, அவள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துதானே இதைப் பதிவு செய்தீர்கள்? 'எம் புள்ள சத்தம் எங்கடி?' என்று அவளாவது கேட்கவில்லையா?

நீங்கள் இருவரும் நலமாகத்தான் இருப்பீர்கள்.

ஜெயவேலு


கிழக்குத் தாம்பரம்
24.3.1992

அன்புள்ள ஜெயவேலு,

உன் கோபம் பத்திரமாக வந்து சேர்ந்தது. இங்கே ஏற்கெனவே நிறைய இருக்கிறது. அதோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

மார்க்கெட் பக்கம் போனால் கேசட் கடைச் சேட்டு என்னை உள்ளே கூப்பிட்டு நிறுத்திவிடுகிறான். "இன்னாக்கா இது, ஒங்க கேசட்ட வித்தா ஆளுங்கோ சண்டைக்கு வரானுங்கோ. காலி கேசட்ட குடுத்து ஏமாத்திட்டன்னு ஒருத்தன் எம் மூஞ்சி மேலயே வீசிட்டுப் பூட்டான். ஒரே பேஜாரா கீது. அடுத்த வாட்டியாவது நாலு அடி அடிச்சுக் குடுங்கக்கா." குரோம்பேட்டையிலிருந்து சுப்ரமணியன் என்ற ரயில்வே குமாஸ்தா நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். ஐந்து வருடம் காத்திருந்தவனுக்கு ஃபிரிட்ஜ் ஓடும் சத்தத்தைக் கொடுத்துவிட்டோமாம். அவரும் வில்பிரட்டும் சேட்டு கடை வாசலில் எதிரெதிரே சந்தித்து, சட்டைக் காலரைப் பிடிக்கும் வரை போய்விட்டது. வில்பிரட்டுக்கு நாற்பது வயது என்பதை நான்தான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

புகழ்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களையும் எனக்குப் பிடிக்கவில்லை. என் மாணவி ஒருத்தி, "மேடம், இதுல மௌனம் பேசுது" என்றாள். பேசினால் அதற்குப் பெயர் மௌனம் இல்லை என்று சொல்லி வகுப்புக்கு அனுப்பினேன். சர்ச் பாஸ்டர் ஜெபசீலன், ஆராதனை தொடங்குவதற்கு முன் கொஞ்ச நேரம் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். "நான் இன்னா ஜெபக் கூட்டத்துக்கா வாசிச்சேன்?" என்று வில்பிரட் அவரிடமும் பாய்ந்தான். கேளம்பாக்கத்திலிருந்து ஞானம்மாள் என்ற டீச்சர் மட்டும் ஒரு கார்டில் எழுதியிருந்தார்: பரீட்சைத் தாள் திருத்தும்போது போடுகிறாராம், யாரையும் அடிக்கத் தோன்றவில்லையாம். எனக்கு வந்த விமர்சனங்களில் நேர்மையானது அதுதான்.

உன் பெயரை யாரும் நகைச்சுவைக்காகப் போடவில்லை. நீ பேண்டை விட்டு விலகவில்லை, வேலைக்குப் போயிருக்கிறாய். அதனால் எடுக்கவில்லை. ஏன் மெதுவாக வாசித்தோம் என்று கேட்டால், அந்த மாதங்களில் அந்த அறையில் அப்படித்தான் வாசிக்க முடிந்தது. இதற்கு மேல் அதைப் பற்றிக் கேட்காதே.

இரண்டாம் தடவை நூறு கேசட் போடச் சேட்டு கேட்கிறான். அதற்குள் இன்னொரு தகராறு. இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டில் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்கிறது. பாதிப் பேர் அதைப் பதிவில் வந்த கோளாறு என்கிறார்கள். மீதிப் பேர் கேசட்டிலேயே உயிருள்ளது அது ஒன்றுதான் என்கிறார்கள். புகார் தாங்காமல் வில்பிரட் அதை அமுக்கிவிடலாம் என்கிறான். நான் கூடாது என்கிறேன். அந்த இடம் வரைக்கும் நீ கேட்டாயா, இல்லை பேட்டரியைப் பார்க்கப் போய்விட்டாயா?

உடம்பைக் கவனித்துக்கொள்.

கனகவல்லி


மஸ்கட்
7.4.1992

கனகா,

கேட்டேன். மற்றவர்கள் ஷிப்டுக்குப் போன பிறகு, காதோடு வைத்துக் கடைசி வரை கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

யார் அவன்?

என்னிடம் மறைக்காதே. பதினைந்து வருடமாகக் கொட்டுகிறவனுக்கு இன்னொருவன் கொட்டுவது தெரியாதா? இரண்டு அடி, ஒரு இடைவெளி, மறுபடி ஒன்று. அது என் அடி. அந்த முன்னறையில் உட்கார்ந்து நான் உருவாக்கியது. அதை எவனோ பார்த்துத் திருடியிருக்கிறான். திருடியதையாவது ஒழுங்காகச் செய்தானா? ஒவ்வொரு மூன்றாவது அடியும் பிந்துகிறது. கையில் வலுவே இல்லை. நடுவில் களைத்துப்போன மாதிரி நிறுத்திவிடுகிறான், பிறகு ஞாபகம் வந்த மாதிரி மறுபடி தொடங்குகிறான். பாத்திரக் கடையில் எடுபிடியாக இருக்க வேண்டியவன். ட்ரம்ஸ் வாங்கக்கூட வக்கில்லாமல் எதையோ இரும்பில் தட்டியிருக்கிறான்.

இந்தத் தண்டத்துக்கு மேலே என் பெயரைப் போட்டு விற்கிறீர்கள். கேட்கிறவன் ஜெயவேலுவுக்குக் கை போய்விட்டது என்றுதானே நினைப்பான்?

வில்பிரட் சொல்வதுதான் சரி. அடுத்த நூறு கேசட்டில் அது இருக்கக் கூடாது. எடுத்துவிடுங்கள். அந்த ஆளையும் வீட்டுக்கு அனுப்புங்கள். என் அம்மா வீட்டு வாசலை அவன் மிதிக்கக் கூடாது.

ஜெயவேலு


கிழக்குத் தாம்பரம்
25.4.1992

ஜெயவேலு,

உன் கடிதத்தை வில்பிரட்டிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் அவன் மஸ்கட்டுக்கு நடந்தே வந்திருப்பான்.

அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறாய். அது அவளுடைய வீடு. தட்டியது உன் அம்மா.

உட்கார்ந்துகொண்டு படி. ஒரே ராத்திரியில் போகவில்லை. ஆகஸ்ட் கடைசியில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. டாக்டர் இருதயம் வீங்கியிருக்கிறது என்றார். படி ஏறக் கூடாது, அதிர்கிற சத்தம் கூடாது என்றார். காற்று வரும் என்று இரும்புக் கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்து போட்டோம். சம்பந்தம் மாமா காலையில் வருவார், நான் கல்லூரி விட்டு வந்ததும் மாடியிலிருந்து இறங்கிப் போவேன்.

உனக்கு எழுதப் பேனாவை எடுத்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "போன வாட்டி காச்சல்னு ஒரு கடுதாசி போட்டே. துபாய் வேலைய வுட்டுட்டு ஓடியாந்து ரெண்டு வருசம் சும்மா குந்திகினு இருந்தான். இந்த வாட்டி எழுதினே, மாடி வூட்டக் காலி பண்ணிகினு போய்னே இரு." மாமாவிடமும் அவள் சத்தியம் வாங்கிக்கொண்டாள். எனக்கு வீடு போய்விடும் என்ற பயம் இல்லை. அவள் கேட்டாள், நான் ஒப்புக்கொண்டேன். அவ்வளவுதான்.

முதலில் நாங்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டோம். அவள்தான் திட்டினாள். "ஏன்டி, வூடு பொணம் மாதிரி கீது. இன்னும் நான் போவல. எடுத்துகினு வாங்கடி." அதனால் மத்தியானங்களில், அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக வாசித்தோம். ஏர்போர்ஸ் விமானம் போனால் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிப்போம். சுப்ரமணியன் அதற்கு ஃபிரிட்ஜ் என்று பெயர் வைத்தார். மாணவி மௌனம் என்றாள். நோயாளி இருக்கும் அறையில் வாசித்த வாசிப்பு அது. இரண்டு கட்சிக்கும் இது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

உன் அம்மா எந்தக் கட்சி தெரியுமா? உன் கட்சி. "இன்னாடா வில்பிரட்டு, சாவு வூட்ல இழுக்கறா மாதிரி இழுத்துகினே கீற?" என்று தினமும் கேட்பாள். ஒரு நாள் கடைசிப் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தோம். கஞ்சி குடித்த டம்ளர் கையில் இருந்தது. அதைக் கட்டில் கம்பியில் தட்ட ஆரம்பித்தாள். வில்பிரட் கையைத் தூக்கி நிறுத்தப் பார்த்தான். "நீ வாசிடா. எம் புள்ள கொட்ற எடம் காலியா கீது. எனுக்குத் தெரியாதா எங்க வரும்னு?" என்றாள். பக்கத்து அறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே உன் பயிற்சியை எத்தனை வருடம் கேட்டவள். நீ வருகிற ஒவ்வொரு இடத்திலும் வந்தாள். நடுவில் நிறுத்தியது மூச்சு வாங்கியதால்.

திரும்பப் பதிவு செய்யவில்லை. அவள் பேசியதை மட்டும் வில்பிரட் நீக்கினான், தட்டலை அப்படியே விட்டோம். ஜனவரியில் போனாள். அந்தக் கடைசி ராத்திரி மட்டும் உண்மையிலேயே தூக்கத்தில்தான்.

எனக்கும் உன் மேல் கோபம் இருக்கிறது. மாதா மாதம் அவளுக்கு நீ எழுதிய கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். வெயில், கேம்ப், சாப்பாடு. 'உனக்கு எப்படி இருக்கிறது?' என்ற ஒரு வரி அதில் இருந்திருந்தால், அந்த இடத்தில் நான் வாக்கை மீறியிருப்பேன். நீ கேட்கவில்லை.

கனகவல்லி


மஸ்கட்
9.5.1992

கனகா,

ஆகஸ்டிலிருந்து ஜனவரி வரை. நீ, வில்பிரட், மாமா, டாக்டர், தெரு முழுக்க. எனக்கு மட்டும் தெரியாது. அப்போது நான் இங்கே வெள்ளிக்கிழமை தோறும் கேரம் ஆடிக்கொண்டிருந்தேன்.

அவள் சொல்லாதே என்றால் சொல்லாமல் இருந்துவிடுவாயா? சாகிறவள் என்ன வேண்டுமானாலும் சொல்வாள். எம்.எஸ்ஸி. படித்தவளுக்கு அது தெரியாதா? வேலை போயிருந்தால் போயிருக்கும். அது என் வேலை. போகட்டும் என்று முடிவு செய்ய வேண்டியவன் நான். அந்த முடிவை நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்னிடமிருந்து எடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு கேசட் அனுப்பினீர்கள். அவள் மூச்சு வாங்கியதைப் பதிவு செய்து, சேட்டு கடையில் சுப்ரமணியனுக்கு விற்றிருக்கிறீர்கள். அவன் அது கோளாறு என்கிறான். நானும்

நானும் என்ன எழுதினேன் என்று உனக்குத் தெரியும். எழுதவைத்தது நீ. முதல் கடிதத்துக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த வார்த்தைகளை நான் அவளைப் பற்றி எழுதியிருப்பேனா?

நான் ஏன் கேட்கவில்லை என்கிறாய். கேட்டால் 'நல்லா கீறேன்' என்றுதான் எழுதச் சொல்வாள், நீயும் அதைத்தான் எழுதியிருப்பாய்.

ஜெயவேலு


கிழக்குத் தாம்பரம்
26.5.1992

ஜெயவேலு,

வாதாட வரவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. மறுபடி அதே நிலை வந்தால் மறுபடியும் அவள் சொன்னதைத்தான் செய்வேன் என்று நினைக்கிறேன். நீ என்னை வெறுக்கலாம்.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். நீ எழுதியதை எல்லாம் வில்பிரட்டிடம் சொன்னேன். மாஸ்டர் டேப்பை என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். கட்டில் பக்கம் வைத்த மைக்கில் விழுந்ததால் அந்தத் தட்டல் தனி டிராக்கில் இருக்கிறதாம், எடுக்கலாம், விடலாம். எடுக்கச் சொல்லி நீ எழுதியது யார் என்று தெரியாமல் எழுதியது. இப்போது தெரியும். நீ சொல்லாமல் இந்த நூறு கேசட் போகாது.

கனகவல்லி


மஸ்கட்
10.6.1992

திருமதி கனகவல்லி அவர்களுக்கு,

மாஸ்டர் டேப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

அந்தத் தட்டலைத் தொட வேண்டாம். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வேண்டாம் என்கிற ஆட்களின் கேசட்டைச் சேட்டு திரும்ப வாங்கிக்கொள்ளட்டும்.

அட்டையில் என் பெயரை எடுத்துவிடுங்கள். ட்ரம்ஸ் என்ற வார்த்தைக்கு நேரே பச்சையம்மா என்று அச்சிடுங்கள். வெறும் பச்சையம்மா போதும். யாராவது யார் என்று கேட்டால் சொல்ல வேண்டாம்.

ஆகஸ்டில் காண்ட்ராக்ட் முடிகிறது, வருகிறேன். விமான நிலையத்துக்கு யாரும் வர வேண்டாம். மாடி வீட்டைக் காலி செய்யச் சொல்ல மாட்டேன், அது அம்மா வைத்த குடித்தனம். நீங்கள் மேலே இருங்கள், நான் கீழே இருப்பேன். படியில் எதிரே வந்தால் பேச வேண்டியதில்லை. வில்பிரட்டுக்கும் இதையே சொல்லிவிடுங்கள். இனி நான் வாசிக்கப் போவதில்லை.

கடைசிப் பாட்டை மறுபடி மறுபடி கேட்டேன். பழைய கேசட்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். அவள் அடி பிந்தவில்லை. அந்த இடத்தில் எப்போதும் முந்தியவன் நான்.

இப்படிக்கு,
பச்சையம்மா மகன்
ஜெயவேலு